எந்தக் 'கச்சாங்' என்று பார்த்தீர்களா?

தாய்மார்களே, தோட்டத்து வீட்டில் விடிவதற்கு முன்பே அடுப்பு எரிகிறது. பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். பிள்ளையின் பள்ளிப் பையில் பலகார டப்பாவையும் வைக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் கைக்கு எட்டுவது கடைப் பாக்கெட்டுத்தான். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாக்கெட்டின் பின்புறம் எழுதியிருப்பதை நாம் படிக்கிறோமா?

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில் படிக்கும் ஒரு சிறுவனுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. ஆகவே, அந்த வகுப்புக்கு யாரும் கச்சான் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று பெற்றோர்களுக்குக் கடிதம் அனுப்பியிருந்தோம். ஒரு தாய் அதை மிகவும் மதித்தார். மகனுக்கு வழக்கமாகச் சுட்டுத் தரும் பருப்பு வடையைக்கூட நிறுத்திவிட்டார். காரணம், பருப்புப் பாக்கெட்டில் 'கச்சாங் டால்' என்று போட்டிருந்தது! வடைக்குப் பதிலாகச் சாக்லெட் பிஸ்கட் வாங்கி வைத்தார். அந்தப் பிஸ்கட் உறையின் மடிப்பிலோ, எறும்பு ஊர்வது போன்ற சின்ன எழுத்தில், 'கச்சாங் தானா' என்று இருந்தது.

ஓய்வு நேரத்தில் அவருடைய மகன் ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பாதியை நண்பனுக்குக் கொடுத்தான். சில நிமிடங்களில் அந்தப் பிள்ளையின் உதடு வீங்கியது; உடம்பெல்லாம் தடித்தது; மூச்சு இரைத்தது. காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். தொடையில் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது. பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் பிஸ்கட் கொடுத்த சிறுவன் என் மேசை அருகே வந்து நின்றான். "டீச்சர், நான் கொடுத்தது தப்பா?" என்று கேட்டான். இருப்பதைப் பகிர்ந்து உண்ண வேண்டும் என்று அந்த வகுப்பில் பாடம் நடத்தியவளே நான்தான். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை.

அந்தத் தாய் அக்கறை இல்லாதவர் அல்லர். அவரை ஏமாற்றியது ஒரு சொல். மலாயில் 'கச்சாங்' என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். பருப்பு 'கச்சாங் டால்', பாசிப்பயறு 'கச்சாங் ஹிஜாவ்', கொண்டைக்கடலை 'கச்சாங் கூடா', பயற்றங்காய் 'கச்சாங் பாஞ்சாங்'. வெண்டைக்காயைக்கூடக் 'கச்சாங் பெண்டி' என்பார்கள். நிலக்கடலை மட்டுமே 'கச்சாங் தானா'. நம் தமிழிலும் கொண்டைக்கடலை, நிலக்கடலை இரண்டுமே கடலைதானே! ஆகவே முதல் சொல்லோடு நின்றுவிடாதீர்கள். இரண்டாவது சொல்லைப் பாருங்கள்.

நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, நிலக்கடலை, சோயா உள்ளிட்ட கொட்டை வகைகள், கோதுமை போன்ற தானியங்கள், மீன், பால், முட்டை ஆகியவை கலந்திருந்தால் அதைப் பாக்கெட்டில் குறிப்பிட வேண்டும். இங்கே தயாராகும் பொருளில் மலாயில் எழுத வேண்டும். வெளிநாட்டுப் பொருளில் ஆங்கிலம் மட்டும் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'பீனட்' என்றாலும் 'கிரவுண்ட்நட்' என்றாலும் நிலக்கடலைதான். 'மெங்கண்டுங்கி' என்றால் கலந்திருக்கிறது. 'முங்கின் மெங்கண்டுங்கி' என்றால் கலந்திருக்கலாம். ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு இரண்டுமே வேண்டாம். போன மாதம் வாங்கிய அதே பிஸ்கட்தானே என்று விட்டுவிடாதீர்கள். தயாரிப்பு முறை மாறலாம். பாக்கெட்டைப் பிரித்து மைலோ டின்னில் கொட்டி வைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. உறையைத் தூக்கி எறிந்தால் எழுத்தும் போயிற்று. கத்தரித்து டின்னுக்குள் போட்டு வையுங்கள்.

எழுத்தே இல்லாத பலகாரங்களும் உண்டு. கச்சான் பூத்தே விற்பவரிடம் முறுக்கும் கடலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரே கரண்டியால் அள்ளுவார். நிலக்கடலை பொரித்த எண்ணெயில் முறுக்கைச் சுட்டால் முறுக்கிலும் அது ஏறிவிடும். சூட்டில் அதன் வீரியம் போய்விடாது. நாசி லெமாக், சாத்தே குழம்பு, அப்பம் பாலிக் ஆகியவற்றில் நிலக்கடலை சேர்ப்பது நாம் அறிந்ததே. ஆனால் கோயில் புளியோதரையையும் தேங்காய்ச் சட்னியையும் மறந்துவிடுகிறோம். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயும் ஆகாது.

அப்படியானால் எதைத்தான் கொடுப்பது? இட்லி, அவித்த மரவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம், புது எண்ணெயில் சுட்ட பருப்பு வடை எல்லாம் இருக்கின்றனவே. பருப்பும் பயறும் நிலக்கடலைக்கு உறவுதான் என்றாலும், நிலக்கடலை ஆகாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அவை ஒத்துக்கொள்கின்றன. எது ஆகும், எது ஆகாது என்பதை அந்தப் பிள்ளையின் மருத்துவரே சொல்ல வேண்டும்.

நிலக்கடலை ஆகாத பிள்ளைக்குச் சாப்பிட்டதும் உதடு வீங்கி, மூச்சுத் திணறினால் அதைக் கண்ணேறு என்றோ வாய்வு என்றோ எண்ணிக் காலம் கடத்தாதீர்கள். எழுந்து நடக்க விடாமல் படுக்க வையுங்கள்; மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்கார வையுங்கள். மருத்துவர் ஊசி மருந்து கொடுத்திருந்தால் உடனே வெளித்தொடையில் போட்டுவிட்டு 999ஐ அழையுங்கள். அரிப்பு மாத்திரை இதற்குப் போதாது. பிள்ளை தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரக்கூடும்.

அந்தச் சிறுவனுக்கு நான் பிறகு சொன்ன பதில் இதுதான்: "நீ கொடுத்தது தப்பில்லை, ஐயா. இனிமேல் கொடுப்பதற்கு முன்னால், 'இது உனக்கு ஆகுமா?' என்று கேள்." இப்போது அவன் கேட்கிறான். அவன் அம்மா உறையைப் படிக்கிறார். பருப்பு வடையும் டப்பாவுக்குத் திரும்பி வந்துவிட்டது.