நடுக்களத்தில் நின்ற தஞ்சைப் பிள்ளை

மாலை வேளையில் காரைக்கால் கடற்கரைக்குச் செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். அரசலாறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே, மணற்பரப்பில் செருப்புகளையே கோல் கம்பங்களாக நட்டு வைத்து, சிறுவர்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பர். ஒருவன் முதுகில் மெஸ்ஸியின் பெயர். மற்றொருவன் முதுகில் எம்பாப்பேயின் பெயர். அண்மையில் ஒரு நாள் ஆட்டம் முடிந்து இளைப்பாறிய அவர்களிடம், "தம்பிகளே, குலோத்துங்கன் என்பவர் யாரென்று அறிவீர்களா?" என வினவினேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். சற்றுக் கழித்து ஒருவன், "வரலாற்றுப் பாடத்தில் வருகின்ற சோழ மன்னர்தானே, ஐயா?" என்றான்.

அவன் சொன்னது தவறன்று. ஆனால் நான் கேட்ட குலோத்துங்கன் வேறொருவர். நம் ஊரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தஞ்சையைச் சேர்ந்தவர். கலியா குலோத்துங்கன் எனக் கால்பந்து உலகம் அறிந்த நடுக்கள ஆட்டக்காரர். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் வெளிநாட்டு மண்ணில் பெற்ற மாபெரும் வெற்றியில் பங்குகொண்டவர். 2018 டிசம்பர் 22 அன்று தஞ்சையில் சாலை விபத்தில் சிக்கி, இளம் வயதிலேயே உயிர் நீத்தவர்.

இவரைப் பற்றி முதன்முதலில் எனக்குச் சொன்னவர் நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர். பணியின் பொருட்டுக் கொல்கத்தாவில் பல்லாண்டுகள் குடும்பத்தோடு வாழ்ந்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். அந்த டிசம்பர் 22 சனிக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மூன்றே நாள்கள் இருந்தன. பேரக்குழந்தைகளோடு அவர் குடில் அமைத்துக்கொண்டிருந்த வேளையில் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் கொல்கத்தாவில் அவருடைய அண்டை வீட்டுக்காரராய் இருந்த வங்காளி அன்பர். விழா வாழ்த்துச் சொல்லத்தான் அழைக்கிறார் என இவர் எண்ணினார். மறுமுனையிலோ தழுதழுத்த குரல்: "தாதா, உங்கள் ஊர்ப் பிள்ளை போய்விட்டானே!"

"அவர் யாரைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது வெட்கமாக இருந்தது. நம் பக்கத்துப் பிள்ளை மறைந்த செய்தியை வங்காளத்திலிருந்து ஒருவர் சொல்லியா நான் அறிய வேண்டும்?" என்றார் பெரியவர்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஆடிய ஒருவருக்காக, அவருடைய மொழி அறியாத ஒருவர் கண்ணீர் விடுவானேன்? இதற்கு விடை காண ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் கதையைச் சிறிது அறிதல் வேண்டும்.

1920 ஜூலைத் திங்களில் மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில், ஜோராபகான் கழகம் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டது. கிழக்கு வங்காளத்தவர் என்பதாலேயே அவர் ஒதுக்கப்பட்டார் எனக் கருதி, அக்கழகத்தின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி விலகினார். அவரும் நண்பர்களும் சேர்ந்து அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாளில் தொடங்கியதே ஈஸ்ட் பெங்கால். 1947-இல் நாடு பிரிந்தபோது, வீடும் வயலும் இழந்து எல்லை கடந்து வந்த இலட்சக்கணக்கான மக்களுக்கு, செம்மையும் பொன்மையும் கலந்த அச்சட்டை இழந்த ஊரின் அடையாளமாயிற்று. இன்றும் ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீனும், மோகன் பகான் வென்றால் இறாலும் விருந்தாகும் என்பது கொல்கத்தாவின் வழக்கு. கடலை நம்பி வாழும் நமக்கு இந்தப் பாசம் எளிதில் விளங்கும்.

இத்தகைய கழகத்திற்குத்தான் தஞ்சையிலிருந்து குலோத்துங்கன் சென்றார். 2003 ஜூலையில் ஆசியான் கழகங்களின் கோப்பைக்கான போட்டிகள் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் நடைபெற்றன. இந்தியா ஆசியான் அமைப்பில் இல்லையாயினும் ஈஸ்ட் பெங்கால் அழைக்கப்பட்டது. பயிற்சியாளர் சுபாஷ் பௌமிக். குழுத் தலைவர் கானா நாட்டின் சுலே மூசா. சிக்கிமின் பாய்ச்சுங் பூட்டியா, கோவாவின் ஆல்விட்டோ டி'குன்ஹா, நைஜீரியாவின் மைக் ஒக்கோரோ ஆகியோரோடு நம் தஞ்சைக் குலோத்துங்கனும் அக்குழுவில் இருந்தார்.

தொடக்கம் நன்றாக அமையவில்லை. முதல் ஆட்டத்தில் தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சாசனா கழகத்திடம் 0-1 எனத் தோல்வி. அடுத்து பிலிப்பைன்ஸ் இராணுவக் குழுவை 6-0 என வென்றனர்; ஆறு கோல்களையும் பூட்டியாவே அடித்தார். கால் இறுதியில் இந்தோனேசியாவின் பெர்சித்தா 2-1 எனப் பணிந்தது. அரை இறுதியில் பெட்ரோகிமியா புத்ராவோடு 1-1 எனச் சமனாகி, பெனால்டி உதைகளில் 7-6 என உயிர் பிழைத்தனர். ஜூலை 26 அன்று இறுதியாட்டம். எதிரே நின்றது முதல் ஆட்டத்தில் தம்மைத் தோற்கடித்த அதே டெரோ சாசனா. அவ்வாண்டு ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் இறுதியாட்டம்வரை எட்டிய வலிய கழகம். ஒக்கோரோ, பூட்டியா, டி'குன்ஹா ஆளுக்கொரு கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 3-1 என வென்றது. கோப்பையோடு திரும்பியவர்களை வரவேற்க விமான நிலையத்தில் மக்கள் வெள்ளம் திரண்டது.

கடற்கரைச் சிறுவன் சொன்ன சோழர் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. முதலாம் குலோத்துங்க மன்னரின் தாய்வழிப் பாட்டனாராகிய இராசேந்திரர் கங்கைவரை படை நடத்தினார். பின்னர் 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து கடாரமும் கொண்டார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, அதே தஞ்சையிலிருந்து குலோத்துங்கன் என்ற பெயருடைய ஓர் இளைஞர் கங்கைக் கிளையாற்றின் கரையிலுள்ள நகருக்குச் சென்றார். அங்கிருந்து கீழைக் கடல் கடந்தார். அவர் கையில் வாளில்லை. காலில் ஒரு பந்து மட்டுமே இருந்தது.

இவ்வளவு இருந்தும் அவர் பெயர் நம் வீடுகளில் ஒலிக்காதது ஏன்? நடுக்கள ஆட்டத்தின் இயல்பும் அதற்கொரு காரணம் என எண்ணுகிறேன். முன்கள வீரன் கோல் அடித்தால் அரங்கம் எழுந்து ஆர்ப்பரிக்கும். கோல் காப்பாளன் பாய்ந்து பிடித்தால் படம் செய்தித்தாளில் வரும். நடுக்களத்தில் நிற்பவனோ தாக்குதலின்போது முன்னே ஓடுவான். பந்து பறிபோனால் பின்னே ஓடுவான். எதிரியிடமிருந்து பந்தைப் பறித்து, தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவனுக்குக் கொடுத்துவிட்டு, மீண்டும் ஓடுவான். ஆட்டத்தின் கணக்கேட்டில் அவனுடைய உழைப்பு பெரும்பாலும் ஏறுவதில்லை.

இந்த உண்மையை அதே 2003-இல் ஒரு பெரிய கழகம் கற்றுக்கொண்டது. நம் ஊரில் பிரான்சு நாட்டு உறவுகள் உள்ள குடும்பங்கள் பல. அவர்களுக்குப் பிரான்சு அணியின் குளோட் மக்கலேலே அறிமுகமானவராய் இருக்கலாம். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கழகத்தில் நடுக்களத்தைக் காத்து நின்ற அவரை, அக்கழகம் அவ்வாண்டு இங்கிலாந்தின் செல்சீக்கு விட்டுக்கொடுத்தது. புகழ் பெற்ற முன்கள நட்சத்திரங்கள் பலர் அங்கே இருந்தும், அதற்கு முன் லீக் பட்டம் வென்ற மாட்ரிட் மீண்டும் அப்பட்டத்தைப் பெற 2007 வரை காத்திருக்க நேர்ந்தது. இல்லாதபோதுதான் அருமை தெரிந்தது.

ஆனால் உண்மை இரசிகன் இருக்கும்போதே அருமை அறிவான். பெரியவர் சொன்னார்: "கொல்கத்தாவில் ஆசியான் கோப்பையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கோல் அடித்த மூவரோடு நிறுத்தமாட்டார்கள். குழுவில் இருந்த ஒவ்வொருவர் பெயரையும் சொல்வார்கள். குலோத்துங்கன் பெயர் வரும்போது என் பக்கம் திரும்பி, 'உங்கள் ஆள்' என்பார்கள். அவர் பின்னாளில் போட்டிக் கழகமாகிய மோகன் பகானுக்கும் ஆடினார். அதற்காக அவரை மறந்துவிடவில்லை."

அவருடைய முடிவு நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,51,417 பேர் என மத்திய அரசின் கணக்குக் கூறுகிறது. அவர்களுள் இருசக்கர வாகனங்களில் சென்றோரே மிகுதி. அந்த எண்ணுக்குள் ஒருவராய் நம் தஞ்சை வீரரும் அடங்கிப்போனார். நடுவரும் கோடும் விதியும் உள்ள ஆடுகளத்தில் பல்லாண்டுகள் ஓடியவரைச் சாலை பறித்துக்கொண்டது. கடற்கரையில் ஆடிவிட்டு இருட்டும் நேரத்தில், ஒரே வண்டியில் மூவராய் வீடு திரும்பும் நம் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் நெஞ்சு திடுக்கிடுகிறது. பெற்றோரே, பந்து வாங்கித் தரும் கையே தலைக்கவசமும் வாங்கித் தரட்டும்.

மற்றொன்றும் நாம் செய்யலாம். நம் குடும்பங்களிலும் நடுக்கள ஆட்டக்காரர்கள் உண்டு. விடியுமுன் எழுந்து உலை வைக்கும் தாய். மீன் ஏலத்திற்கு ஓடும் தந்தை. தம்பியின் கல்லூரிக் கட்டணத்திற்காகத் தன் படிப்பை நிறுத்திக்கொண்ட அக்காள். வெற்றிப் படத்தில் இவர்கள் முகம் இராது. மகன் பட்டம் பெற்று வரும்போது மாலை அவனுக்கு விழும். பந்தை எடுத்துக் கொடுத்தவர்கள் ஓரமாய் நிற்பர். அவர்களை நினைத்தல் நம் கடமை; அதுவும் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே நினைத்தல் வேண்டும்.

பெரியவரை அழைத்துக்கொண்டு மறுநாள் மீண்டும் கடற்கரைக்குச் சென்றேன். அவர் மணலில் அமர்ந்து, ஜகார்த்தாவின் கதையைச் சிறுவர்களுக்கு முழுவதும் சொன்னார். இருட்டும்வரை கேட்டனர். பின்னர், முதல் நாள் சோழ மன்னரைச் சொன்ன அதே சிறுவன் எழுந்து, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நண்பர்களைப் பார்த்துச் சொன்னான்:

"நாளைக்கு நான் நடுவிலே நிற்கிறேன்."