நீங்களும் ஒரு வரி திருத்தலாம்

"சார், உலகமே பயன்படுத்தும் மென்பொருளில் என்னைப் போன்ற மாணவன் கைவைக்க முடியுமா?" என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். "முடியும் தம்பி. முதலில் ஆய்வுக்கூடப் பதிவேட்டை ஒழுங்காக எழுதிப் பழகு" என்றேன். அவர் திகைத்தார். நீங்களும் திகைக்கிறீர்கள், அல்லவா? விளக்குகிறேன்.

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுப்பே நிரல். மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் வடிவில் இருக்கும் நிரல் மூல நிரல் எனப்படும். பல நிறுவனங்கள் இதை வெளியே காட்டுவதில்லை. திறமூல மென்பொருளிலோ யாரும் மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். பலகாரத்தோடு செய்முறையையும் எழுதிக் கொடுப்பது போன்றது இது.

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஆகஸ்டு 25 அன்று, தமது 21ஆம் வயதில், தாம் பொழுதுபோக்காக ஓர் இயக்க மென்பொருள் எழுதிவருவதாகக் கணிப்பொறி ஆர்வலர்களுக்கு அறிவித்து, அவர்களுடைய கருத்துகளைக் கேட்டார். அடுத்த மாதம் வெளிவந்த முதல் வடிவத்தில் ஏறத்தாழ 10,000 வரிகளே இருந்தன. அதுதான் லினக்ஸ். பல நாட்டவர் பிழைகளைச் சுட்டினர், திருத்தங்களை அனுப்பினர். மென்பொருள் வளர்ந்தது. 2017 நவம்பரில் வெளியான உலகின் அதிவேகக் கணிப்பொறிகளின் பட்டியலில் இருந்த 500 கணிப்பொறிகளும் லினக்ஸில்தான் இயங்கின. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உட்கருவும் அதுவே.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் குழப்பம் வராதா? வராது. எந்த வரியை நீக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று காட்டும் குறிப்புக்கு 'பேட்ச்' என்று பெயர். அதைப் பராமரிப்பாளர் ஆராய்கிறார், கேள்வி கேட்கிறார், குறை இருந்தால் திருப்பி அனுப்புகிறார். ஒரு பேட்சில் ஒரு மாற்றமே இருக்க வேண்டும், அது ஏன் தேவை என்றும் எழுத வேண்டும் என்பது லினக்ஸ் குழுவினரின் விதி.

நிரல் எழுதத் தெரியாதவரும் பிழையைத் தெரிவிக்கலாம். இங்கேதான் பதிவேடு வருகிறது. "வோல்ட்மீட்டர் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் ஆசிரியரால் என்ன செய்ய முடியும்? எந்தச் சுற்று, எந்த மின்கலம், எதிர்பார்த்த அளவு என்ன, கிடைத்தது என்ன என்று எழுதினால் அவரும் அதே சோதனையைச் செய்து பார்ப்பார். மென்பொருளுக்கும் இதே முறைதான். எந்தப் பதிப்பு, எந்தக் கணிப்பொறி, என்னென்ன படிகள், எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று எழுதுங்கள். வேறொருவர் தம் கணிப்பொறியில் அதே பிழையை வரவழைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்த மாணவர் ஒரு மாதம் கழித்து வாடிய முகத்தோடு வந்தார். தாம் பயன்படுத்திய மென்பொருளின் விளக்கக் குறிப்பில் ஒரு பொத்தானின் பெயர் தவறாக இருந்ததாம். திருத்தி அனுப்பினார், திரும்பி வந்துவிட்டது. "என்ன காரணம் சொன்னார்கள்?" என்றேன். "எந்தப் பதிப்பில் பார்த்தாய் என்று கேட்கிறார்கள்" என்றார். "அப்படியானால் அவர்கள் மறுக்கவில்லை, விவரம் கேட்கிறார்கள்" என்றேன். பதிப்பு எண்ணைச் சேர்த்து மீண்டும் அனுப்பினார். திருத்தம் ஏற்கப்பட்டது. திருத்தியது ஒரே ஒரு சொல்தான். ஆனால் அந்தக் குறிப்பைப் படிக்கும் எவரும் இனி அந்த இடத்தில் தடுமாற மாட்டார்கள்.

நீங்கள் பயன்படுத்தும் திறமூல மென்பொருள் ஒன்றில் இம்மாதம் ஒரு பிழையைத் தேடுங்கள். கண்டதைப் பதிவேட்டில் எழுதுவது போலவே எழுதி, ஒரு நண்பரிடம் கொடுங்கள். அவருக்கும் அதே பிழை தோன்றுகிறதா? அப்படியானால் அதை நீங்கள் அனுப்பலாம்.