கிட்டாருக்கு ஆம்ப்ளிபயர்: வாட்ஸைப் பார்த்து ஏமாறாதீர்!

மளிகைக் கடைக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. சிதம்பரத்தில் 1929-ஆம் ஆண்டு இசைக் கல்லூரி கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் வணிகக் குடியில் வந்தவர்தாம். இன்று கடலூரிலும் சிதம்பரத்திலும் நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் பலர் கிட்டார் பழகுகிறார்கள். பள்ளி விழாவுக்கும் தேவாலயப் பாடற்குழுவுக்கும் நன்கொடை கேட்டு வருவோரும் முதலில் ஏறுவது நம் கடைப் படியைத்தான். கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பணம் வீணாகாமல் இருக்க, ஆம்ப்ளிபயரைப் பற்றி நாமும் ஓரளவு தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எந்தக் கிட்டாருக்கு எது?

கிட்டாரில் இரண்டு வகை. உள்ளே குடைவான மரப்பெட்டியோடு தானே ஒலிப்பது அக்கூஸ்டிக். ஆம்ப்ளிபயர் இல்லாமல் சபைக்குக் கேட்காதது எலெக்ட்ரிக். எலெக்ட்ரிக் கிட்டாருக்கான பெட்டி ஒலியை வேண்டுமென்றே மாற்றித் தருவது. அதன் ஸ்பீக்கர் மிக மெல்லிய கீச்சொலிகளை வெளியே விடாது. அக்கூஸ்டிக் கிட்டாரை அதில் மாட்டினால் மரத்தின் இனிமை போய், போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல் இருக்கும். அக்கூஸ்டிக் ஆம்ப்ளிபயரில் பெரிய ஸ்பீக்கருடன் 'ட்வீட்டர்' என்னும் சிறிய ஸ்பீக்கரும் இருக்கும். உள்ளதை உள்ளபடி தருவதே அதன் வேலை. விலை குறைவு என்று எலெக்ட்ரிக் வகையை வாங்கிவிட்டால், அது கட்டிலடிக்குப் போகும். பிள்ளையின் ஆர்வமும் அதோடு போகும்.

வாட்ஸ் என்னும் சாக்கு எடை

பெட்டியின் மேல் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று அச்சடித்திருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். சாக்கோடு எடை போடுவதற்கும் நிகர எடைக்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியாததல்ல. நிகர எடையைப் போன்றது 'ஆர்.எம்.எஸ்.' என்னும் கணக்கு. சாக்கின் எடையாவது சாக்கின் அளவோடு நிற்கும், பி.எம்.பி.ஓ.வுக்கு அந்த வரம்பும் கிடையாது. ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குக.

இன்னொன்று: 30 வாட்ஸ் பெட்டிக்குப் பதில் 60 வாட்ஸ் வாங்கினால் ஓசை இரு மடங்காகிவிடாது. கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். வீட்டுப் பயிற்சிக்கு 15 முதல் 30 வாட்ஸ் தாராளம். சிறிய மண்டபத்துக்கு 60 வாட்ஸ் போதும். நாட்டியாஞ்சலி போன்ற பெரிய மேடையில் அந்த மேடையின் ஒலியமைப்புதான் சபைக்குக் கொண்டு செல்லும். நம் பெட்டியில் 'டி.ஐ. அவுட்' இருந்தால் அதோடு இணைத்துக்கொள்ளலாம்.

பிக்கப்பும் ஊளையும்

கிட்டாரின் தந்திகள் அமரும் கட்டைக்கு அடியில் 'பியெஸோ' பிக்கப் பதித்திருப்பார்கள். அதற்குள்ளேயே 9 வோல்ட் பாட்டரியோடு ப்ரீஆம்ப் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் ஆம்ப்ளிபயரின் உள்வாங்கும் மின்தடை குறைந்தது 10 லட்சம் ஓம் (1 மெகா ஓம்) இருக்க வேண்டும். குறைந்தால் அடித்தொனி வற்றி, ஒலி தகரம் போலாகும். தொடு மைக் பொருத்திய வீணைக்கும் இதே விதிதான். ஆகவே வீணை பயிலும் பிள்ளைக்கும் இவ்வகைப் பெட்டி உதவும்.

அடுத்தது ஊளை. பெட்டியிலிருந்து வரும் ஒலி கிட்டாரின் மரப்பலகையை மீண்டும் அதிரச் செய்ய, அது திரும்பப் பெட்டிக்குள் போய் 'ஊ' என்று கூவும். மாண்டலின் மேதை உ. சீனிவாஸ் (1969–2014) கையாண்ட எலெக்ட்ரிக் மாண்டலினில் அதிரும் பெட்டி இல்லாததால் இத்தொல்லை குறைவு. அக்கூஸ்டிக் கருவிக்கு அது கூடப் பிறந்தது. எனவே 'நாட்ச் பில்டர்', 'பேஸ்' என்னும் இரண்டு வசதிகளும் உள்ளதா என்று பார்க்கவும். பெட்டியைக் கிட்டாருக்கு நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்தாலே பாதித் தொல்லை தீரும். பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு மைக்குக்கென்று தனி வழியும் வேண்டும்.

வாங்கும்போது

மாதிரி பாராமல் மூட்டை எடுப்பதில்லை நாம். அதே வழக்கம் இங்கும் வேண்டும். புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போகும்போது பிள்ளையையும் அதன் கிட்டாரையும் உடன் அழைத்துச் செல்க. கடைக்காரர் கிட்டாரில் அவர் வாசித்துக் காட்டுவதைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். முதலில் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒலியைக் கூட்டி, எந்த அளவில் ஊளையிடுகிறது என்று பாருங்கள். வாசிக்காத நேரத்தில் 'உஸ்' இரைச்சல் எவ்வளவு என்றும் கவனியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டியானால் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகவும். ரசீதும் உத்தரவாதச் சீட்டும் கேட்டு வாங்குக. கடலூர் உப்புக்காற்றில் சொருகு முனைகள் துருவேறும். ஆகவே உறை போட்டு, கடற்பக்கச் சன்னலருகே வைக்காமல் பாதுகாக்கவும்.

அக்கம்பக்கத்தாரையும் மறக்கலாகாது. சிதம்பரம் தேர் வீதிகளில் கடைக்கு மேலேயே குடியிருப்போர் பலர். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 மணிக்கு மேல் ஹெட்போன் மாட்டிப் பழகலாம். அந்தத் துளை பெட்டியில் உள்ளதா என்றும் பார்த்துக்கொள்க.

சரக்கைக் கண்ணாலும் கையாலும் பார்த்து வாங்கிப் பழகியவர்கள் நாம். இந்தச் சரக்கைக் காதால் பார்த்து வாங்குவோம். கொடுக்கும் காசுக்குக் குறைவில்லாத ஒலி வீட்டுக்கு வரும்.