பழைய தொலைபேசி அட்டை வீட்டில் கிடக்கிறதா? தூக்கிப் போடாதீர்கள்

சிங்கப்பூர் ஜாலான் புசாருக்குப் பக்கத்தில், சுங்கை ரோட்டில் ஒரு பழைய பொருள் சந்தை இருந்தது. ‘திருட்டுச் சந்தை’ என்பது அதன் பட்டப்பெயர். 1930களில் தொடங்கியது. தரையில் தார்ப்பாய் விரித்து ஓடாத கைக்கடிகாரம், செல்லாத நாணயம், ஒற்றைக் காலணி வரை விற்பார்கள். அங்கே ஒரு பெரியவரிடம் பிஸ்கட் டின் நிறையத் தொலைபேசி அட்டைகள் கிடந்தன. எதை எடுத்தாலும் ஒரு வெள்ளி. நான் நான்கு எடுத்தேன். மூன்று பளபளப்பான பட அட்டைகள். நான்காவது சுரண்டிப் போட்ட அழுக்கு அட்டை. அதை “சும்மா எடுத்துக்கொள்” என்று சேர்த்துக் கொடுத்தார்.

2017 ஜூலை 10ஆம் தேதியோடு அந்தச் சந்தை மூடப்பட்டது. மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 21ஆம் தேதி, அதற்குப் பக்கத்தில் ஜாலான் புசார் பெருவிரைவு ரயில் நிலையம் திறந்தது. சந்தை போய்விட்டாலும் அட்டைகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அலமாரியின் அடித்தட்டிலோ, அப்பாவின் பழைய பணப்பையிலோ, ரசீதுகளுக்கு நடுவிலோ. நம் வீட்டிலும் இருக்கலாம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

தபால்தலை சேர்ப்பதுபோல் தொலைபேசி அட்டை சேர்ப்பதும் உலகம் முழுவதும் உள்ள பொழுதுபோக்கு. பிரிட்டனில் இதற்கு ‘ஃபியூசிலேட்டலி’ என்றும், அமெரிக்காவில் ‘டெலிஜெரி’ என்றும் பெயர் வைத்தார்கள். வாயில் நுழையாத பெயர்கள். நமக்கு ‘அட்டை சேர்ப்பு’ போதும்.

முதல் தொலைபேசி அட்டை 1976ல் இத்தாலியில் வந்தது. அப்போது அந்த நாட்டில் சில்லறைக் காசுக்குக் கடும் தட்டுப்பாடு. தொலைபேசிக்குப் போடும் வில்லையைக் கூடக் கடைக்காரர்கள் காசாக வாங்கிக்கொண்ட காலம். பொதுத் தொலைபேசியின் காசுப் பெட்டியை உடைத்துத் திருடுவதும் ஒரு தொல்லை. காசே இல்லாத பெட்டியை யார் உடைக்கப் போகிறார்கள்? அட்டை பிறந்த காரணம் இவ்வளவுதான். 1982ல் ஜப்பானும் இதைப் பிடித்துக்கொண்டது. அங்கே பேசப் பேச அட்டையில் சிறு ஓட்டை விழும். மீதி எவ்வளவு என்று ஓட்டையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பிரான்ஸில் ரோலாண் மொரெனோ 1974ல் காப்புரிமை பெற்ற சில்லு, 1980களில் தொலைபேசி அட்டையில் ஏறியது. இன்று நம் வங்கி அட்டையில் பொன்னிறமாக மின்னுகிறதே, அதன் அண்ணன் முறை அது.

சிங்கப்பூர் டெலிகாம் விற்ற அட்டைகளில் காந்தப் பட்டை இருந்தது. பிரிட்டனின் ஜிபிடி நிறுவனத்தின் தொழில்நுட்பம். நாம் கட்டிய பணம் அந்தப் பட்டையில் பதிவாகியிருக்கும். தொலைபேசிக்குள் செருகினால், பேசும் நேரத்துக்கு ஏற்பக் கருவி அதைக் குறைத்துக்கொண்டே போகும். மலேசியாவில் யூனிஃபோன் அட்டைகளும் இதே வகைதான். டெலிகாம் மலேசியாவின் கட்ஃபோன் வேறு. யூனிஃபோன் அட்டையைக் கட்ஃபோன் பெட்டியில் செருக முடியாது. கையில் அட்டையை வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற பெட்டியைத் தேடி பஸ் நிலையம் முழுவதும் நடந்த அனுபவம், தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வேலைக்கு வந்த நம் அண்ணன்மார் பலருக்கு உண்டு. தோட்டத்தில் என்றால் ஆபீஸில் கிராணி மேசைமேல் இருக்கும் ஒரே தொலைபேசிதான். அதில் நம் வீட்டு விஷயத்தைப் பேசினால் மறுநாள் லயம் முழுவதும் தெரிந்துவிடும். அட்டை வந்த பிறகுதான் தனியாக நின்று பேசும் வசதி கிடைத்தது.

சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பது படத்தை அல்ல, அட்டையின் பின்புறத்தை. ஜிபிடி அட்டைகளில் ஓர் எண் வரிசை அச்சாகியிருக்கும். தொடக்க எண் எத்தனையாவது வெளியீடு என்பதைக் காட்டும். நடுவில் உள்ள ஆங்கில எழுத்துகள் நாட்டையும் அட்டை வகையையும் சொல்லும். கடைசி இலக்கங்கள் அந்த ஒரு அட்டைக்கே உரியவை. ஒரே படத்தில் இரண்டு அட்டை இருந்தாலும், ஒன்றில் சுழியத்தின் குறுக்கே கோடு இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அதையும் இரண்டு வகையாகக் கணக்கு வைத்துச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தபால்தலைக்காரரிடம் ஓரத்துப் பற்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அதுவும் இப்படித்தான்.

படத்துக்காகச் சேர்ப்பவர்களும் உண்டு. பூ, பறவை, பண்டிகை, ரயில் என்று பொருள் வாரியாக அடுக்குவார்கள். நான்கைந்து அட்டைகளைச் சேர்த்து வைத்தால் ஒரு பெரிய படமாக வரும் தொகுப்புகளும் உண்டு. அதில் ஒன்று தொலைந்தாலும் தொகுப்பின் மதிப்பு விழுந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் செருகும் அட்டை. தேக்காவில் நம்மவர் கையில் அதிகம் புழங்கியது வேறு வகை: சுரண்டும் அட்டை. இதில் காந்தமும் கிடையாது, சில்லும் கிடையாது. வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால் ரகசிய எண் வரும். முதலில் ஒரு சேவை எண்ணை அழைக்க வேண்டும். பிறகு ரகசிய எண், பிறகு 91, பிறகு ஊர்க்குறி, கடைசியாக வீட்டு எண். தஞ்சாவூர் என்றால் 4362, புதுக்கோட்டை 4322, இராமநாதபுரம் 4567. ஒரு இலக்கம் தவறினால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். பணம் அட்டையில் இல்லை, எங்கோ ஒரு கணினியில் இருந்தது. அட்டை வெறும் சாவிதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் சாலை, டன்லப் ஸ்ட்ரீட், சையத் ஆல்வி ரோடு பக்கம் வந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. கடை வாசலில் நாட்டுக்கு நாடு நிமிடக் கணக்கு எழுதிய பலகை. இந்தியாவுக்கு இத்தனை நிமிடம், பங்ளாதேஷுக்கு இத்தனை நிமிடம். நம் ஊர் இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால், இங்கே இரவு 10 மணி என்றால் அங்கே ஏழரை. வயலிலிருந்து அம்மா வீடு திரும்பியிருப்பார்.

ஆனால் அம்மா வீட்டில் தொலைபேசி இருக்காது. பக்கத்து வீட்டிலோ, தெருமுனை எஸ்டிடி பூத்திலோதான் இருக்கும். முதல் அழைப்பில் “கொஞ்சம் அம்மாவைக் கூப்பிடுங்கள், பத்து நிமிடத்தில் மறுபடி அழைக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட வேண்டும். இங்கேதான் அட்டைக் கணக்கு கடிக்கும். சில அட்டைகளில் அழைப்பு கிடைத்தவுடனேயே இணைப்புக் கட்டணம் என்று ஒரு தொகை பிடிப்பார்கள். சிலவற்றில் ஒரு நிமிடம் பேசினாலும் மூன்று நிமிடமாகக் கணக்கு. அரை நிமிட அழைப்பு ஒன்று, அம்மா வந்தபின் நீண்ட அழைப்பு ஒன்று என்று இரண்டு முறை கட்டணம். பலகையில் எழுதிய நிமிடம், ஒரே மூச்சில் பேசி முடித்தால்தான் கிடைக்கும். ஒருமுறை என் அட்டையும் பாதிப் பேச்சில், பலகையில் இருந்த நேரத்துக்கு வெகு முன்பே நின்றுவிட்டது. கடையில் போய்க் கேட்டேன். அட்டையின் பின்புறம் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்ததைக் கடைக்காரர் காட்டினார். அவர்மீது தப்பில்லை. அதைப் படிக்க எனக்குத்தான் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.

இந்த அட்டைகள் மறைந்த கதையிலும் இரண்டு கரைகள் உண்டு. இங்கே கைப்பேசி வழி வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் குறைந்துகொண்டே வந்தது. அங்கே, 2003 மே மாதம் முதல் இந்தியக் கைப்பேசிகளில் உள்வரும் அழைப்பு இலவசமானது; அதன்பின் வீட்டுக்கு ஒரு கைப்பேசி வரத் தொடங்கியது, பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டிய வேலை குறைந்தது. 2015ல் வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை மலிவாக்கியபின், கிராமத்து அம்மாக்களும் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். நிமிடக் கணக்குப் பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

இனி விலை விஷயம். “என்னிடம் நூறு அட்டை இருக்கிறது, எவ்வளவு கிடைக்கும்?” என்பதுதான் எல்லோரும் கேட்பது. அதிகம் கிடைக்காது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். 1990களின் தொடக்கத்தில் இந்தப் பொழுதுபோக்கு சூடு பிடித்தபோது, லாபம் வரும் என்று நம்பிப் பயன்படுத்தாத அட்டைகளைக் கட்டுக்கட்டாக வாங்கி வைத்தவர்கள் உலகம் எங்கும் உண்டு. கைப்பேசி பரவியதும் விலை சரிந்தது. லட்சக்கணக்கில் அச்சான அட்டைக்கு இன்றும் பெரிய விலை இல்லை. குறைவாக அச்சிட்டவை, சோதனை வெளியீடுகள், விற்பனைக்கு வராமல் அன்பளிப்பாகக் கொடுத்தவை ஆகியவற்றுக்கே மதிப்பு. இணையத்தில் யாரோ ஆயிரம் வெள்ளி என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கேட்கும் விலை. விற்ற விலை அல்ல.

வைத்திருக்க விரும்பினால் சில விஷயம். மலிவான பிவிசி உறையில் வைத்தால், நம் ஊர் வெப்பத்தில் நாளடைவில் உறை அட்டையோடு ஒட்டிக்கொண்டு அச்சு உரிந்துவரும். பாலிபுரொப்பிலின் உறை நல்லது. ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். லேமினேட் செய்யவே வேண்டாம். சுரண்டாத அட்டை கிடைத்தால் ஆர்வத்தில் சுரண்டிவிடாதீர்கள். அதில் காசும் இருக்காது, சேர்ப்பவரிடம் மதிப்பும் போய்விடும். வாங்கிய ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு, யார் பயன்படுத்தியது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். அட்டைமேல் எழுதாதீர்கள்.

இந்தக் கடைசி விதியில்தான் எனக்கும் மற்ற சேர்ப்பாளர்களுக்கும் கொஞ்சம் சண்டை. கிறுக்கல் இருந்தால் அது குறை என்பார்கள். சுரண்டும் அட்டை என்றாலே பலருக்கு இளக்காரம். படமும் சுமார், தாளும் மெல்லியது, பேசி முடித்ததும் குப்பையில் போட்டது. அதனால்தான் அழகான மலர் அட்டைகள் ஆல்பத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கட்டட வேலைக்கு வந்தவர் ஞாயிற்றுக்கிழமை வாங்கிய அட்டை தேடினாலும் கிடைப்பதில்லை. இன்னும் பத்து ஆண்டு போனால், அந்த நிமிடக் கணக்கு எப்படி இருந்தது என்று காட்ட ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். உங்கள் வீட்டு டின்னில் இரண்டு வகையும் இருந்தால், முதலில் உறை போட வேண்டியது சுரண்டிய அட்டைக்கு. அதில் யாருடைய எண்ணாவது எழுதியிருந்தால், படம் எடுத்து வெளியில் காட்டும்போது மட்டும் மறைத்துவிடுங்கள்.

சுங்கை ரோட்டில் சும்மா கிடைத்த என் அட்டையின் பின்புறத்திலும் நீல மையில் ஓர் எண் இருக்கிறது. 4567 என்று தொடங்குகிறது. அதன் கீழே தமிழில், “ப.வீடு, 7.30க்கு மேல்”.