குதிரை நோயும் மரபெழுத்தும்

வைரசின் மரபுப் பொருள் நான்கே எழுத்துகளால் அமைந்த சுவடியை ஒத்தது. அவ்வெழுத்துகளை முறையே படித்தறிவதை மரபணு வரிசையாக்கம் என்கிறோம். அதன் பயனை ஹெண்ட்ரா வைரசின் வரலாற்றில் காண்போம்.

1994ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பந்தயக் குதிரைகள் பல மூச்சுத் திணறி மாண்டன; அவற்றின் பயிற்சியாளரும் உயிரிழந்தார். காரணமான வைரஸ் தட்டம்மை வைரசின் இனத்தது என்றே முதலில் கருதப்பட்டது. அதன் எழுத்துகள் 18,234 எனக் கண்டபின், 16,000க்கும் குறைவான எழுத்துகளையுடைய தட்டம்மை வைரசினின்றும் வேறான புதிய பேரினம் என்பது தெளிவாயிற்று. மலேசியாவில் 1999இல் அறியப்பட்ட நிபா வைரசும் அப்பேரினத்தைச் சார்ந்ததே. இரண்டிற்கும் உறைவிடம் பழந்தின்னி வௌவால்.

2015இல் ஹெண்ட்ரா நோயின் குறிகளுடன் இறந்த குதிரையொன்றில் வழக்கமான சோதனை எதனையும் காட்டவில்லை. சேமித்து வைத்த அதன் மாதிரியைப் பின்னாளில் வரிசைப்படுத்தியபோது, ஹெண்ட்ராவின் மற்றொரு வகை வெளிப்பட்டது. முந்தைய சோதனை அறிந்த எழுத்துகளை மட்டுமே தேடும். மாறியவை அதற்குத் தென்படா. இதற்கேற்பச் சோதனை திருத்தப்பட்டது. 2021 அக்டோபரில் நியூ சவுத் வேல்ஸில் நோயுற்ற குதிரையிடம் அவ்வகை கண்டறியப்பட்டது.

இந்நோய் தொற்றியதாக அறியப்பட்ட மனிதர் எழுவர். அவருள் நால்வர் மாண்டனர். அந்நால்வருள் இருவர் கால்நடை மருத்துவர். ஆதலின், ‘நோயில்லை’ என்னும் முடிவையும் மீண்டும் ஆராய்வது, குதிரையைத் தொட்டுப் பேணும் கைகளைக் காப்பதாகும் என்போம்.