தண்ணீர் எங்கே போகிறது, ரோடு யாருடையது?

குட்டிக்கானத்திலிருந்து ஏலப்பாறை வழியாகப் போகும் மலையோர நெடுஞ்சாலை அகலமாகிவிட்டது. அதிலிருந்து பிரிந்து லயங்களுக்கும் காலனிகளுக்கும் இறங்கும் கிளை ரோடுகள்தான் நம் கவலை. கோடையில் தார் போடுகிறார்கள். இடவப்பாதி மழை ஒரு மாதம் அடித்தால் ஜல்லி தனியாக, தார் தனியாகக் கிடக்கிறது. துலாமழைக்குள் ஜீப்புக்காரர் கீழே வர மறுக்கிறார். பிரசவ வலியில் இருக்கிற பெண்ணை மேலே மெயின் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

"இங்கே மழை அதிகம், அதனால் ரோடு நிற்காது" என்று சொல்லிச் சொல்லி நம்மையும் நம்ப வைத்துவிட்டார்கள். மழை அதிகம்தான். கேரளத்தின் ஆண்டுச் சராசரியே ஏறத்தாழ 3,000 மி.மீ.; பீருமேடு அதையும் தாண்டும். ஆனால் தார் ரோட்டைக் கெடுப்பது வானத்திலிருந்து விழும் தண்ணீர் அல்ல, விழுந்த பிறகு போக வழியில்லாமல் ரோட்டிலேயே நிற்கும் தண்ணீர். மனு எழுதுவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் எங்கே போகிறது? இந்த ரோடு யாருடைய கணக்கில் இருக்கிறது? இரண்டுக்கும் பதில் இல்லாமல் கொடுக்கிற மனு பெரும்பாலும் ஃபைலுக்குள்ளேயே தூங்கிவிடும்.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். நம் கிளை ரோடுகளில் பெரும்பாலும் போடுவது 'சிப்பிங் கார்ப்பெட்'. மெட்டல் விரித்து இறுக்கிய அடித்தளத்தின்மேல் 20 மி.மீ. கனத்தில் தார் கலந்த சின்ன ஜல்லி, அதற்குமேல் துளைகளை மூட ஒரு பூச்சு. இரண்டு சென்டிமீட்டர் என்பது ஒரு தோல்தான். பாரத்தைத் தாங்குவது அடியிலிருக்கும் மெட்டலும் மண்ணும். தோலில் ஒரு விரிசல் விழுந்து தண்ணீர் உள்ளே இறங்கினால் மண் இளகும். கொழுந்து ஏற்றிய வண்டி அதன்மேல் ஏறும்போது அடித்தளம் அமுங்கும், தோல் வெடிக்கும், இன்னும் அதிகமாகத் தண்ணீர் இறங்கும். குழி என்பது இந்த நோயின் கடைசிக் கட்டம். அதை மட்டும் மூடிவிட்டுப் போனால் பக்கத்திலேயே இன்னொன்று பிறக்கும்.

ஆகவே உங்கள் ரோட்டைச் சோதிக்க நல்ல நேரம் வெயில் காலம் அல்ல, நல்ல மழை பெய்து கொண்டிருக்கும்போதுதான். குடையும் போனும் எடுத்துக்கொண்டு நாலைந்து பேர் சேர்ந்து மேலிருந்து கீழே நடந்து பாருங்கள். ரோட்டின் நடுப்பகுதி ஓரத்தைவிட உயரமாக இருக்கிறதா? மழை அதிகமுள்ள இடங்களில் இப்படிப்பட்ட மெல்லிய தார்த்தளத்துக்கு 2.5 சதவீதக் குறுக்குச் சரிவு வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி. மூன்று மீட்டர் ரோட்டில் நடுவுக்கும் ஓரத்துக்கும் ஏறத்தாழ நாலு சென்டிமீட்டர் வித்தியாசம். அது இல்லையென்றால் மழைத்தண்ணீர் ரோட்டையே ஓடையாக்கிக்கொள்ளும். மேல்பக்க ஓடை மண்ணும் சருகும் விழுந்து அடைந்திருக்கிறதா, சிறுபாலத்தின் குழாய் திறந்திருக்கிறதா, யாராவது வீட்டு நடைக்காக ஓடையை மூடியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கடைசியாகச் சொன்னது நம்மில் ஒருவர் செய்ததாக இருக்கலாம். அதையும் பேசித்தான் ஆக வேண்டும்.

மழை விட்டபின் வெடிப்புகளைப் பாருங்கள். முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் அடித்தளமே போய்விட்டது. மேலே தார் பூசிப் பயனில்லை. ஜல்லி மட்டும் பெயர்ந்து மேற்பரப்பு சொரசொரப்பாகிவிட்டது, அடித்தளம் உறுதியாக இருக்கிறது என்றால் தார் குறைவு, அல்லது சூடு ஆறிய பிறகு உருட்டியிருக்கிறார்கள். மேலே ஒரு புதிய அடுக்கு போதும். சக்கரம் போகும் தடத்தில் நீளமாக அமுங்கியிருந்தால் பாரம் தாங்கவில்லை என்று பொருள். ஓரம் மட்டும் உடைந்து விழுகிறது என்றால் பக்கவாட்டு மண் கரைந்து ஓடியிருக்கிறது. ஓரத்தைக் கட்டாமல் தார் போடுவது வீண் செலவு. ஒவ்வொன்றையும் இடத்தின் அடையாளத்தோடு, ஆழம் தெரியும்படி ஒரு ஸ்கேலை நிறுத்திப் படம் எடுத்து வையுங்கள். 'ரோடு மோசம்' என்று எழுதுவதற்கும், 'கோவிலுக்குக் கீழே 30 மீட்டர் நீளத்துக்கு முதலைத்தோல் வெடிப்பு, மேல்பக்க ஓடை அடைந்துள்ளது' என்று எழுதுவதற்கும் அலுவலகத்தில் கிடைக்கிற மரியாதை வேறு.

சரியான குழி மூடல் எப்படி இருக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். குழியைச் சுற்றி நல்ல பகுதி வரும் வரைக்கும் சதுரமாகவோ செவ்வகமாகவோ, பக்கங்கள் செங்குத்தாக நிற்கும்படி வெட்ட வேண்டும். சேறும் தண்ணீரும் எடுத்து உலர்த்தி, அடியிலும் பக்கங்களிலும் தார்க்குழம்பு பூசி, அடுக்கடுக்காகக் கலவையைப் போட்டு இறுக்க வேண்டும். தண்ணீர் நிற்கிற குழியில் மண்வெட்டியால் கலவையை அள்ளிப்போட்டு வண்டிச் சக்கரமே இறுக்கட்டும் என்று விட்டுப் போவது பழுதுபார்ப்பு அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிகள் தண்ணீர் தேங்கிய இடத்திலும் மழையிலும் மூடுபனியிலும் தார்க்கலவை போடக் கூடாது என்கின்றன. சூட்டுக்கும் கணக்கு உண்டு. வி.ஜி.30 ரகத் தார் என்றால் விரிக்கும்போது கலவையில் 140 டிகிரியாவது இருக்க வேண்டும். 90 டிகிரிக்குக் கீழே போவதற்குள் உருட்டி முடித்துவிட வேண்டும். தொலைவிலிருந்து டிப்பரில் மூடாமல் வரும் கலவை நம் மலைக்காற்றில் சீக்கிரம் ஆறிவிடும். வேலை நடக்கும் நாளில் ஓவர்சியர் வெப்பமானி வைத்திருக்கிறாரா என்று கேட்பது தகராறு அல்ல, உங்கள் உரிமை. மழைக்காலத்தில் அவசரமாக மூட வேண்டியிருந்தால் சூடாக்காமல் போடும் குளிர்கலவை இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. நம் மலையில் அதுதான் பெரிய முடிச்சு.

நெடுஞ்சாலைகளும் மாவட்ட முக்கியச் சாலைகளும் பொதுமராமத்துத் துறை முதலான அரசு அமைப்புகளுடையவை. மற்றப் பொது வழிகள் 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி கிராமப் பஞ்சாயத்திடம் இருக்கின்றன. ஆனால் லயத்துக்குப் போகும் ரோடு பல இடங்களில் எஸ்டேட் நிலத்தின் வழியாகப் போகிறது. பஞ்சாயத்தின் ஆஸ்திப் பதிவேட்டில் அந்த ரோடு ஏறவில்லை என்றால் "தனியார் ரோட்டுக்குப் பஞ்சாயத்துப் பணம் செலவழிக்க முடியாது" என்பார்கள். எஸ்டேட்டில் கேட்டால் "வாக்கு வாங்குகிறவர்களைக் கேளுங்கள்" என்பார்கள். 2000ஆம் ஆண்டு மூடப்பட்ட பீருமேடு டீ கம்பெனியைப் போன்ற இடங்களில் கேட்பதற்கு நிர்வாகமே இல்லாமல் போனது. தலைமுறைகளாகக் கொழுந்து கிள்ளிய குடும்பங்கள் ரோட்டுக்காக இந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவில் அலைவது எனக்கு மிகப் பெரிய அநீதியாகப் படுகிறது.

முதல் வேலை, பஞ்சாயத்து அலுவலகத்தில் ஆஸ்திப் பதிவேட்டில் உங்கள் ரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. பெயர், நீளம், அகலம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சில ரோடுகள் பாதி தூரம்தான் ஏறியிருக்கும். இல்லையென்றால், நிலத்தை விட்டுக்கொடுக்க நிர்வாகத்தின் சம்மதத்தைப் பெற்று ரோட்டைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் கேளுங்கள். கேரளத்தில் வார்டுதோறும் கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். இன்னொரு பக்கம், தொழிலாளிக்கு வீடு கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அந்தப் பொறுப்பை வைத்திருக்கிறது. போக வழியில்லாத வீடு என்ன வீடு என்று யூனியன்கள் இந்த வாதத்தை எழுத்தில் எழுப்ப வேண்டும்.

ரோடு பஞ்சாயத்துடையதோ பொதுமராமத்துத் துறையுடையதோ என்றால், அது குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தக்காரர் போட்ட ரோடு குறிப்பிட்ட காலத்துக்குள் கெட்டால் அவரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பொதுமராமத்துத் துறை 2021இல் இருந்து இந்தக் காலக்கெடுவையும் பொறுப்பானவர்களின் தொலைபேசி எண்ணையும் பலகையில் எழுதி வைக்கத் தொடங்கியது. பலகை இல்லாத ரோட்டுக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அதுவும் வேண்டாம். பதிலுக்கு 30 நாள். மதிப்பீட்டு அறிக்கை, எம் புக் எனும் அளவுப் புத்தகம், ஒப்பந்தம் மூன்றின் நகலையும் கேளுங்கள். பலருக்குத் தெரியாதது: வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது. விண்ணப்பத்தை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவது பாதுகாப்பு. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தாக்க உதவுவது தகவல் அலுவலரின் கடமை. சாதாரண மனு என்றால், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதித் தமிழிலேயே பதில் பெற 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்கிறது. கூச்சப்படாமல் தமிழில் எழுதுங்கள்.

பஞ்சாயத்து அசையவில்லையா? உள்ளாட்சி அமைப்புகளுக்கான ஓம்புட்ஸ்மனிடம் புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. "ஃபண்டு இல்லை" என்று பதில் வந்தால் ஒரு பழைய வழக்கை நினைவூட்டுங்கள். மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகரில் சாக்கடை தெருவில் ஓடுகிறது என்று மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சி பணமில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980இல் அந்த வாதத்தைத் தள்ளி, வடிகால் கட்டித்தான் ஆக வேண்டும் என்று தீர்ப்பு எழுதியவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர், பாலக்காட்டில் பிறந்தவர். அந்த மக்கள் பயன்படுத்திய பொதுத்தொல்லைப் பிரிவு இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாக இருக்கிறது, வருவாய்க் கோட்ட அலுவலரான ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். ஓடை அடைந்து ரோட்டில் தண்ணீர் பாய்வது அதற்குள் அடங்கும். இமாச்சலப் பிரதேச மலைவாசிகள் எழுதிய கடிதத்தில் தொடங்கிய வழக்கில், மலையில் வாழ்பவருக்கு ரோடு என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜூலையிலும், பாதுகாப்பான, பராமரிக்கப்பட்ட ரோடு அரசியலமைப்பின் 21ஆம் பிரிவின் உரிமை என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உயிருக்கு ஆபத்தான குழி என்றால் கலெக்டருக்கு நேராக எழுதுங்கள். 2022 ஆகஸ்டில் நெடும்பாசேரியில் குழியில் விழுந்து ஒருவர் இறந்த பிறகு, சாவு நடக்கும் வரை காத்திருக்காமல் பேரிடர் மேலாண்மைச் சட்ட அதிகாரத்தைக் கலெக்டர்கள் பயன்படுத்த வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆபத்து சிறியதல்ல. 2013 முதல் 2017 வரை குழிகளால் நேர்ந்த விபத்துகளில் நாட்டில் 14,926 பேர் இறந்ததை 2018இல் உச்ச நீதிமன்றம் கவலையோடு குறிப்பிட்டது. விபத்து நடந்துவிட்டால் அன்றைக்கே குழியைப் படமெடுங்கள், ஏனென்றால் மறுநாள் அதை மூடிவிடக்கூடும். போலீஸ் ஸ்டேஷனில் ஜி.டி. என்ட்ரி போடுங்கள். ஆஸ்பத்திரியில் காயம் எப்படி ஏற்பட்டது என்பதைக் குழியைச் சொல்லியே எழுதச் சொல்லுங்கள். "பைக்கில் இருந்து விழுந்தார்" என்று மட்டும் எழுதினால் பிறகு நிரூபிப்பது கடினம். ஓட்டியவரே வண்டியின் சொந்தக்காரர், லைசென்ஸும் இருக்கிறது என்றால் பாலிசியில் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா பாருங்கள். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 15 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் அந்தப் பாதுகாப்பைக் கேட்காமலேயே விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, ரோட்டுத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. அது அரசு நிதிக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. இழப்பீட்டைத் தனியாகக் கேட்க வேண்டும். 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் குழியாலும் திறந்த மேன்ஹோலாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சமும், காயத்துக்கு 50 ஆயிரம் முதல் இரண்டரை லட்சம் வரையும் தர உத்தரவிட்டது. அது மகாராஷ்டிரத்துக்கானது என்றாலும் கேரளத்தில் வழக்குப் போடும்போது எடுத்துக்காட்டலாம். வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச உதவி தர 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. தாலுகா சட்டப்பணிக் குழுவில் விண்ணப்பிக்கலாம். போகும்போது மழையில் எடுத்த படங்களையும், பஞ்சாயத்து முத்திரை வைத்துத் தந்த மனு ரசீதையும் கையோடு கொண்டு போங்கள்.