அட்டை காட்டிய எம்.எஸ்.

பட்டுக்கடையில் ‘எம்.எஸ். ப்ளூ’ என்று கேட்டால் விளக்கம் வேண்டியதில்லை, எடுத்துப் போடுவார்கள். காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்து கொடுத்த நீலம் அது. அந்த நீலம் காஞ்சிபுரத்தில் பிறந்தாலும், எங்கள் போளூர்ப் பக்கம் ஆரணி, தேவிகாபுரம் தறிக்காரர்களுக்கும் அந்தப் பெயர் புதிதல்ல. ஆனால் அவர் கச்சேரியை நேரில் கேட்டவர்கள் இந்தப் பக்கம் எத்தனை பேர் இருப்பார்கள்? பெரும்பாலானவர்களுக்கு அவர் முகத்தைக் கொண்டுவந்து சேர்த்தவை பத்திரிகைப் படங்களும் இசைத்தட்டு அட்டைகளும், பிறகு கேசட் அட்டைகளும்தான்.

1926-இல், பத்து வயதில், அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. அந்தக் கால 78 தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போலப் பாடும். நடுவே வட்டமாக வெட்டிய காகித உறையில் வரும். பெயரைப் படிக்கலாம், ஆளைப் பார்க்க முடியாது. அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனிக்காக அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940-இல் ஓவிய உறைகளைப் போடத் தொடங்கினார். பின்னால் பன்னிரண்டு அங்குல எல்.பி. வந்தபோது ஒரு முகத்துக்கு வேண்டிய இடம் தாராளமாகக் கிடைத்தது.

அந்த இடத்தில் வந்து அமர்ந்தது நாம் எல்லோரும் அறிந்த எம்.எஸ். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, குங்குமம், மூக்கின் இருபுறமும் வைரம், பக்கத்தில் தம்புரா. 1963-இல் வெளியான வேங்கடேச சுப்ரபாதம் விடியற்காலையில் வீடுவீடாக ஒலிக்கத் தொடங்கியதும், அந்த முகம் பூஜை அறைக்கே உரியதாகிவிட்டது.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. மதுரையில் வீணை சண்முகவடிவின் மகளாக வளர்ந்த பெண் அவர். 1940-இல் வந்த ‘சகுந்தலை’யில் ஜி.என்.பாலசுப்பிரமணியத்துக்கு ஜோடியாக நடித்தவர். அடுத்த ஆண்டே ‘சாவித்திரி’யில் நாரதராக ஆண் வேடம் கட்டியவர். எவ்வளவு துணிச்சல்! அட்டை இந்த எம்.எஸ்.ஸை உள்ளே விடவில்லை. பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு வேறொரு நிறமும் கொடுத்து நெய்த பட்டு, திருப்பத் திருப்ப நிறம் காட்டும். அதையே படம் பிடித்து அச்சிட்டால் ஒரு நிறம்தான் மிஞ்சும். அவருக்கு நேர்ந்ததும் அதுதான்.

இன்னொரு தமிழ்ப் பெண் அட்டையை வேறு விதமாகக் கையாண்டார். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா அருள்பிரகாசம், லண்டனில் பிறந்து, இலங்கையில் வளர்ந்து, அகதியாக லண்டன் திரும்பியவர். பாட வருவதற்கு முன்பே எலாஸ்டிகா என்ற ஆங்கிலக் குழுவின் 2000-ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு அட்டை செய்து கொடுத்தார்; பாட்டுக்கான வழியும் அந்தக் குழுவுடனான நட்பில்தான் திறந்தது. 2005-இல் தகப்பனார் பெயரிலேயே வந்த ‘அருளர்’ அட்டையில் தன் முகத்தைச் சுற்றி டாங்கிகளையும் குண்டுகளையும் அச்சுக்குத்தினார். 2010-இல் ‘மாயா’ அட்டையில் யூடியூப் பட்டைகளை அடுக்கித் தன் முகத்தையே ஏறக்குறைய மறைத்தார். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது அவர் கையிலேயே இருந்தது.

இன்று அட்டை கைப்பேசியில் கட்டைவிரல் அகலச் சதுரமாகச் சுருங்கிவிட்டது. எம்.எஸ். பாடல்களுக்கு அந்தச் சிறு சதுரத்திலும் பெரும்பாலும் பழைய தோற்றம்தான். அடுத்த தொகுப்பை வெளியிடுகிறவர்கள் அந்த நாரதர் வேடப் படத்தை ஒருமுறை முகப்பில் வைத்துப் பார்க்கட்டும்.